பெயர் இல்லாத ஏழு தாள்கள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
8 ஜூன் 2025, ஞாயிறு

மரியே வாழ்க.

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு அக்கா ஆஞ்சலா எழுதுவது. நீயும் கேத்தரினும் டீனாவும் மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? இங்கே தினமும் சாயங்காலம் மழை. நான் சௌக்கியம்.

இமெயிலில் போய் இவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வீடியோ காலில் நீ அதை அமுக்கு, இதை அமுக்கு என்று ஓட்டுவாய், எனக்கு ஒன்றும் மண்டையில் நிற்காது. எழுதி அனுப்பினால் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வேன். என் போனில் கேமராவும் சரியில்லை.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நீ மஸ்கட் போவதற்கு முந்தின மாதம், என் கடையின் அளவு அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தாயே, அது நேற்று மக்கர் பண்ணிவிட்டது. உன் மகளின் கல்யாணக் கவுனுக்காக டீனாவின் பெயரை ஏற்றத்தான் உட்கார்ந்தேன். இடமில்லை என்கிறது. வீணா பார்த்து, ஃபைல் 1.97 ஜிபி இருக்கிறது என்றாள். வீணா தெரியும் இல்லையா, நாலு வருஷமாக என்னோடு தைக்கிறவள். ஏப்ரலில் பெயின்ட் அடிக்கக் கடையை மூடினபோது கம்ப்யூட்டரை நகர்த்தினோம், அதனால் இருக்குமோ?

என் கடைச் சட்டம் உனக்குத் தெரியும். அளவு பதியாமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. ஜனவரி பத்தாம் தேதி கல்யாணம். மணப்பெண்ணின் பெயரையே வாங்காத மெஷினை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கவுன் தைப்பது? சீக்கிரம் வழி சொல்.

டீனாவுக்கு என் முத்தம்.
ஆஞ்சலா

---

மஸ்கட்
10 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். டீனா தினமும் மாப்பிள்ளை டிரேவரோடு போனில் இருக்கிறாள், அதனால் அவள் மிகவும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பெயின்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மாதிரி ஃபைல் இரண்டு ஜிபிக்கு மேல் தாங்காது, உன்னுடையது கழுத்துவரை வந்துவிட்டது. பயப்படாதே. நீ அழித்த சங்கதிகள் உள்ளே காலி இடமாகவே கிடக்கும். காம்பாக்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதைக் கொடுத்தால் அந்தக் காலி இடத்தையெல்லாம் வெட்டி எறிந்து ஃபைலைச் சின்னதாக்கும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். பிறகு காம்பாக்ட் கொடு. ஆனால் அந்த நேரம் வேறெந்த மெஷினிலும் ஃபைல் திறந்திருக்கக் கூடாது.

நீ கடிதம் கேட்டதில் கேத்தரினுக்கு ஒரே ஆச்சரியம். பேசினால் நிறுத்தாத அண்ணிக்கு என்ன ஆச்சு என்கிறாள்.

அன்புடன்,
கிளிஃபர்ட்

---

காக்ஸ் டவுன்
19 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, அது எங்கே போகும்.

நீ சொன்னபடியே செய்தேன். முதல் மூன்று தடவை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்றே சொன்னது. கடையில் நானும் வீணாவும்தான். யாரடா அந்த மூன்றாவது ஆள் என்று மிரண்டுவிட்டேன். கடைசியில் பார்த்தால் வீணா அவள் மேஜை மெஷினில் திறந்ததை மூடாமலே சாப்பிடப் போயிருக்கிறாள். பொங்கல் டப்பாவோடு அவளை இழுத்துவந்து மூட வைத்தேன்.

பிறகு காம்பாக்ட் ஓடியது, இருபது நிமிஷம். நான் ஒரு ஜெபமாலையே சொல்லி முடித்தேன். முடிந்ததும் பார்த்தால் 1.97. இம்மிகூட இறங்கவில்லை.

உன் பட்டன் சரியில்லை. வேறு சொல்.

ஆஞ்சலா

---

மஸ்கட்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பட்டன் சரிதான் அக்கா. காலி இடம் இருந்தால்தானே அது வெட்டும்? நீ எதையுமே தூக்கிப் போடமாட்டாய். கோயிலில் முதல் நற்கருணை வாங்க உன் கடையில் புதுநன்மை ஃப்ராக் தைத்த சிறுமிகளெல்லாம் இன்று பிள்ளைகளுக்குத் தைக்க வருகிறார்கள், அவர்களுடைய பழைய அளவு யாருக்கு வேண்டும்? இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பத்து வருஷமாக வராதவர்கள் எல்லோரையும் எடுத்துவிட்டு மறுபடி காம்பாக்ட் கொடு.

இன்னொன்று. கடையில் இவ்வளவு தொந்தரவு என்றால் கவுனை இங்கேயே ரெடிமேடாக வாங்கிவிடலாமே, அண்ணிக்கு ஏன் சிரமம் என்று கேத்தரின் கேட்கிறாள். நல்ல மனசோடுதான் கேட்கிறாள். நீ என்ன நினைக்கிறாய்?

கிளிஃபர்ட்

---

காக்ஸ் டவுன்
6 ஜூலை 2025, ஞாயிறு

தம்பிக்கு,

பதில் தாமதம். கடையில் வேலை.

நான் என்ன நினைக்கிறேன் என்றா கேட்கிறாய்? நம் வீட்டில் கல்யாணமான ஒன்பது பெண்களுக்கும் கவுன் என் கையால்தான். கேத்தரினுக்கும்தான். அன்றைக்கு அவள் இடுப்பு இருபத்தைந்து, அட்டை இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். டீனா பத்தாவது. அவள் பிறந்தபோதே பிரெஞ்சு லேஸ் ஆறு கஜம் வாங்கி நீலத் தாளில் சுற்றி வைத்தவள் நான். ரெடிமேட் பேச்சை இனி எடுக்காதே. எடுத்தால் கல்யாணத்துக்கே வரமாட்டேன்.

நீ சொன்னபடி பெயர்களை எடுத்தேன். அறுநூற்றுப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு பெயருக்கும் மனசு அடித்துக்கொண்டது. பழைய தகரப் பெட்டியில் ஒரு அட்டையை உருவினால் பெயர், அளவு, போட்டோ எல்லாம் ஒன்றாகக் கையோடு வந்துவிடும், அதுபோலத்தானே இதுவும் என்று எடுத்துக்கொண்டே போனேன். காம்பாக்ட் கொடுத்தேன். 1.96.

அறுநூறு பேரை வெளியே அனுப்பியும் வீடு காலியாகவில்லை என்றால் இது என்ன கூத்து?

ஆஞ்சலா

---

மஸ்கட்
8 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. ரெடிமேட் பேச்சு செத்தது. கேத்தரின் இடுப்பளவைக் கேட்டு டீனா விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு சரியில்லை.

ஆனால் மெஷின் விஷயம் எனக்கே பிடிபடவில்லை. ஒரு புதிய வெற்று ஃபைல் திறந்து, பழையதில் உள்ளதையெல்லாம் அதற்குள் இறக்கிப் பார். வழிமுறையைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். அதுவும் ஆகாவிட்டால் நான் இங்கிருந்தே உன் மெஷினுக்குள் நுழைந்து பார்க்கிறேன், நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஜூன் கடைசியில் பத்து நாளுக்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. போன் செய்தால் வீணா எடுத்து, அக்கா வெளியே போயிருக்கிறார் என்கிறாள். எல்லாம் சரிதானே?

கிளிஃபர்ட்

---

மஸ்கட்
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் ஆபீஸில் வேலை செய்யும் தியோடர் விடுமுறைக்கு பெங்களூர் வருகிறார், வீடு ஃப்ரேஸர் டவுனில்தான். மாதக் கடைசியில் திரும்புவார். முழு ஃபைலையும் பென் டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடு, நானே திறந்து பார்க்கிறேன். டீனாவின் கவுனுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கிளிஃபர்ட்

---

காக்ஸ் டவுன்
30 ஆகஸ்ட் 2025, சனி

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன். நான் இருக்கிறேன், கவலை வேண்டாம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். கை ஒழியவில்லை.

வெற்று ஃபைலில் இறக்கியும் பார்த்தாகிவிட்டது, அதே கதைதான். நீ மெஷினுக்குள் நுழைவதெல்லாம் வேண்டாம், கடை நெட் அதற்குத் தாங்காது. பக்கத்து ஜெராக்ஸ் கடை ரங்கநாதன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார், இன்று காலை தியோடரிடம் சேர்ப்பித்துவிட்டேன். நல்ல மனிதர். ஆட்டோ வரைக்கும் வந்து குடை பிடித்தார்.

கொடுப்பதற்கு முன்னால் வேண்டாத பெயர் ஒன்றிரண்டை எடுத்துவிட்டேன்.

ஃபைல் சின்னதானால் சந்தோஷம். ஆகாவிட்டாலும் டீனாவின் அளவைப் பழையபடி அட்டையில் எழுதித் தைத்துவிடுவேன். கவுன் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆஞ்சலா

---

மஸ்கட்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

பென் டிரைவ் கிடைத்தது. நேற்று வெள்ளிக்கிழமை விடுமுறை, காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் ஃபைல் ஏன் இளைக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் பெயர்களை ஒரு பட்டியலிலும், அளவுத் தாள்களைப் போட்டோக்களோடு இன்னொரு பட்டியலிலும் வைத்தேன். பெயரை எடுத்தால் அதன் தாள்களும் கூடவே போகும்படி ஒரு கட்டு போட்டிருக்க வேண்டும். மஸ்கட் போகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். அட்டையை உருவுகிற பழக்கத்தில் நீ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறாய். பெயர் போனது. அளவும் படமும் உள்ளேயே தங்கிவிட்டன. அவை காலி இடம் இல்லை, அதனால் காம்பாக்ட் தொடவில்லை.

சொந்தக்காரர் இல்லாத தாள்களை மட்டும் காட்டு என்று கேட்டேன். ஆயிரத்து நானூற்றுப் பதினேழு வந்தன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு எம்பி. ஆயிரத்து நானூற்றுப் பத்தை அழித்துக் காம்பாக்ட் கொடுத்தேன். ஃபைல் இப்போது 650 எம்பி. டீனா மாதிரி இன்னும் ஆயிரம் பெண்கள் வரலாம்.

ஏழு தாள்களை அழிக்கவில்லை.

ஏழும் ஒரே ஆளுடையவை. முதல் தேதி ஏப்ரல் 12. பிறகு மே 14, ஜூன் 4, ஜூன் 25, ஜூலை 16, ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 27. மே முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இடுப்பு முப்பத்தேழில் ஆரம்பித்து முப்பத்தொன்றரையில் நிற்கிறது. மே மாதத்திலிருந்து குறிப்பில் வீணா எழுதியிருக்கிறாள்: இடது பக்கம் பஞ்சு பேட், தோள் இறக்கம் கவனி. உன் கடை வழக்கப்படி படங்களில் முகம் இல்லை. முதுகுப்பக்கம் மட்டும் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு தலை. பின்கழுத்தில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆறு வயதில் இஸ்திரிப்பெட்டியைத் தட்டிவிட்டவன் நான்.

அந்த ஏழு தாள்களுக்கும் உரிய பெயரை நீயே எழுதி அனுப்பு அக்கா. நான் அதைப் போடுகிறேன்.

கிளிஃபர்ட்

---

காக்ஸ் டவுன்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

பெயர்: ஆஞ்சலா. வயது ஐம்பத்திரண்டு. காக்ஸ் டவுன்.

ஏப்ரலில் பெயின்டும் அடிக்கவில்லை ஒன்றும் அடிக்கவில்லை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். ஏற்றி நாலைந்து நாளில் பிடித்தால் ஒரு வாரம் கை நடுங்கும், ஊசியில் நூல் கோர்க்க முடியாது, எழுத்தும் ஓடாது. அந்த நாட்களில்தான் உனக்குக் கட்டைவிரல் வந்தது. ஸ்கார்ஃபைப் பார்த்துவிடுவாய் என்றுதான் கேமரா கெட்டுப்போனது. வீணாவைத் திட்டாதே, அவளிடம் பைபிள்மேல் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள்தான் கூட வந்தாள்.

அளவை ஏன் பதிந்தேன் என்று கேட்பாய். டாக்டர் எடை பார்த்துக் கிலோவில் என்னவோ சொன்னார். எனக்கு இன்ச்தான் புரியும். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துத் தைக்க வேண்டும், அளவு பதியாமல் நான் தைப்பேனா? மருந்து ஏற்றப் போகிற அன்று காலையில் வீணா டேப் பிடிப்பாள். அந்த அறுநூறு பெயர்களை ஜூனிலேயே எடுத்ததில் கிடைத்த துளி இடத்தில்தான் பிந்தின தாள்கள் நுழைந்தன, டீனாவின் பெயரை அந்த இடுக்கில் திணிக்க மனசு வரவில்லை. தியோடரிடம் கொடுக்கிறதற்கு முன்னால் என் பெயரை எடுத்தேன். அதோடு எல்லாம் போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். உன் தப்பு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். சாவுக்கு இல்லை. சொன்னால் நீங்கள் முதலில் கவுனைத்தான் என்னிடமிருந்து எடுப்பீர்கள். அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும் என்பீர்கள், அதையும் அன்பாகச் சொல்வீர்கள். மருந்து உடம்பில் ஏறுகிற மூன்று மணி நேரமும் நான் அந்த கவுனைத்தான் மனசில் வெட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து எப்படி, கை எப்படி, லேஸ் எங்கே நிற்கவேண்டும் என்று. அது என் கையைவிட்டுப் போனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எதை நினைப்பேன்?

ஆறும் முடிந்தது. ஸ்கேன் சுத்தம் என்றார்கள். அக்டோபரில் ரேடியேஷன் இருபத்தைந்து நாள். திங்கட்கிழமை மாதா திருவிழாவுக்கு சிவாஜிநகர் போய்வந்தேன். வருஷா வருஷம் நடந்துபோவேன், இந்த வருஷம் ஆட்டோ.

கவுனை இப்போது எடுத்துக்கொள்ளப் போகிறாயா? எதுவானாலும் நேராகச் சொல்லிவிடு.

ஆஞ்சலா

---

மஸ்கட்
15 செப்டம்பர் 2025

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை கேத்தரின் சத்தமாகப் படித்தாள், பாதியில் முடியாமல் டீனா வாங்கிப் படித்தாள். மூன்று பேரும் அழுதோம். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது நேரில் வந்து சண்டை போட்டால்தான் தீரும். அம்மா இல்லாத வீட்டில் என் தலைக்கு எண்ணெய் வைத்து வளர்த்தவள் ஒரு மருத்துவமனை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே காம்பாக்ட் கொடு, காம்பாக்ட் கொடு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கவுனைப் பற்றி முடிவெடுக்க நான் யார்? டீனாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அத்தை தைக்கலேன்னா அந்த லேஸை அப்படியே போர்த்திக்கிட்டு கோயிலுக்கு நடந்து வரேன். ரெடிமேட் போட மாட்டேன்."

அக்டோபர் நான்காம் தேதி அவள் அங்கே வந்து இறங்குகிறாள், கல்யாணம் வரைக்கும் அங்கேயே இருப்பாள். காலையில் உன்னோடு மருத்துவமனை, மதியம் கடை. நீ வெட்டு, தையலில் எதை வீணாவிடம் விடுவது என்பதை நீயே முடிவு செய். கை நடுங்குகிற நாளில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிரு, அதுவே பாதி வேலை.

திருத்திய ஃபைலை அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு விட்ட கட்டைப் போட்டுவிட்டேன். இனி ஒரு பெயரை எடுத்தால் அதன் அளவு, படம் எல்லாம் சேர்ந்தே போய்விடும். ஏழு தாள்களுக்கும் உன் பெயரைத் திரும்பப் போட்டிருக்கிறேன். இன்னொரு தடவை அதை எடுத்தாய் என்றால் பார்.

டீனாவின் பெயரை நான் போடவில்லை. அது உன் வேலை.

உன் தம்பி,
கிளிஃபர்ட்

---

காக்ஸ் டவுன்
28 டிசம்பர் 2025, ஞாயிறு

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடி முடிந்தது. ரோஸ் குக்கீஸ் டீனாவும் டிரேவரும் சுட்டார்கள், பாதி கருகல், உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் கேத்தரினும் வெள்ளிக்கிழமை வந்து சேருவீர்கள். அதற்குள் இந்தக் கடைசிக் கடிதம். வந்தபிறகு உன் சண்டையைக் கேட்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

உனக்குச் சொல்லாத ஒன்று. அக்டோபரில் டீனா வந்த அன்றே மெஷின்முன் உட்கார்ந்து அவள் பெயரைத் தட்டினேன். ஜூனில் துப்பின அதே பெயரைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அதற்கு ஏன் அழுதேன் என்று இன்னும் தெரியவில்லை. உன் பெண் என் கையிலிருந்த டேப்பை வாங்கினாள். "மொதல்ல உங்களுக்கு அத்தை, அப்புறம் எனக்கு" என்றாள். அப்படித்தான் எட்டாம் தாள் பதிவானது. முப்பத்திரண்டு.

கவுன் முடிந்தது. கழுத்தும் லேஸும் முழுக்க என் கை. பாவாடையின் நீளத் தையல் வீணா. ரேடியேஷன் நடந்த நாட்களில் என் கைக்கு அது ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன், என் வாயால் சொன்னேன், நீயே நம்பமாட்டாய். கீழ் விளிம்பு மட்டும் பாக்கி. டீனா செருப்போடு நிற்கும்போதுதான் அதை மடிப்பேன், நீ வந்து பார்க்கிற அன்று.

முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. எல்லாம் வெள்ளை. கல்யாணத்துக்கு ஸ்கார்ஃப் இல்லாமல்தான் வரப்போகிறேன்.

நேற்று எனக்கு ரவிக்கை வெட்டினேன், மாம்பழ நிறப் பட்டு. ஒன்பதாம் தாள், முப்பத்து மூன்றே கால். பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே விட்டு மடித்ததைப் பார்த்து வீணா முகம் சுளித்தாள்.

"இவ்ளோ துணி உள்ள விட்டா தடிமனா தெரியும்க்கா. வெட்டிடட்டா?"

"கத்தரிய கீழ வை," என்றேன். "ஈஸ்டருக்குப் பிரிச்சு விடணும்."

உன் அக்கா,
ஆஞ்சலா